பத்து நொடிக்கு ஒரு புள்ளி – அத்தியாயம் 14

செத்தவன் வேலைக்கு வந்திருக்கிறான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

மருமகளே முதலில் நம்பவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். திரையின் இடது ஓரத்தில், இரண்டு வருடமாகச் சாம்பல் நிறத்தில் கிடந்த கணவனின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. அதன் கீழே ஒரு வரி. ‘புதிய நிலம் ஒன்று வந்துள்ளது. சரிபார்க்கவும்.’

போன வாரம் அவளை இந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத்தான் நாம் எழுந்து போனோம். முற்றத்தில் தொண்ணூறு கட்டைகள் வந்து இறங்கியிருந்தன. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவை துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டும். கிளம்ப வேண்டுமானால் அவள் கையெழுத்து வேண்டும். “போட்டுடும்மா, வழக்கமானதுதானே” என்று மாமனார் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். ஏனோ அவளுக்குக் கை வரவில்லை. யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த விளக்கு எரிந்தது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்தக் குடும்பத்துக்கு மரம்தான் சோறு போடுகிறது. பின்னால் வீடு, நடுவில் மர அறுவை மில், முன்னால் கட்டை இறக்குகிற முற்றம், முற்றத்தின் மூலையில் தகரக்கூரை போட்ட ஆபீஸ். முன்பெல்லாம் கட்டை வந்தால் அறுப்பார்கள், விற்பார்கள், அதோடு சரி. இப்போது வாங்குகிற நாட்டுக்காரர்கள் மாப்பிள்ளை வீட்டாரைவிட மோசமாகத் துருவுகிறார்கள். ஒவ்வொரு கட்டையும் எந்த நிலத்தில் நின்றது, அந்த நிலத்தின் எல்லை எது, அது காட்டை அழித்து உண்டாக்கிய நிலமா, எல்லாவற்றுக்கும் படத்தோடு அத்தாட்சி வேண்டும். காட்டை அழித்த நிலம் என்று தெரிந்தால் ஒரு குச்சிகூட உள்ளே போகாது.

படம் எடுப்பது பெரிய வித்தை இல்லை. ஒரு ஆள் சட்டைப் பையில் போனைப் போட்டுக்கொண்டு நிலத்தைச் சுற்றி நடக்க வேண்டும். பத்து நொடிக்கு ஒரு புள்ளி விழும். கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தால் புள்ளிகள் சேர்ந்து எல்லையாகும். இந்த வீட்டில் நடந்தது மூத்த மகன். உட்கார்ந்து சரிபார்த்தது அவன் மனைவி, நம் மருமகள்.

அவன் போகாத நிலங்களில் மரம் விற்கிறவர்களே நடந்து அனுப்ப வேண்டும். அவர்கள் லேசுப்பட்டவர்களா? நடக்கச் சோம்பல்பட்டு பைக்கில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கால் வலிக்கிறது என்பார்கள். அவள் திரையைப் பார்த்தே பிடித்துவிடுவாள். நடந்தால் புள்ளிகள் நெருக்கமாக விழும், வண்டியில் போனால் தள்ளித் தள்ளி விழும். ஒரு புண்ணியவான் போனை ஆட்டின் கழுத்தில் கட்டி விட்டிருந்தார். “உங்க வேலி ஓரமா அரை மணி நேரம் நின்னு என்னத்தைங்க மேஞ்சீங்க?” என்று இவள் கேட்டதும் மனிதர் போனை வைத்துவிட்டார். அன்றிலிருந்து அவளுக்குப் ‘புள்ளியம்மா’ என்று பெயர்.

அந்தப் புள்ளியம்மாவுக்குத்தான் இப்போது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவள் கணவன் மலைச்சாலை வளைவில் பைக் சறுக்கி விழுந்து செத்தான். அப்படித்தான் அவளுக்குச் சொன்னார்கள். பையில் பேனா இருந்தது, சீப்பு இருந்தது, போன் மட்டும் இல்லை. எவனாவது எடுத்துக்கொண்டு போயிருப்பான் என்றார்கள். அவளும் அந்த முகம் தெரியாத திருடனை இரண்டு வருடமாகச் சபித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, முடிஞ்சுதா?”

கொழுந்தன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். தலையெல்லாம் மரத்தூள். அண்ணன் போனபிறகு மில்லையும் வண்டிகளையும் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். வாய் ஓயாத பிள்ளை. சிரிக்க வைக்காமல் போகமாட்டான்.

அவள் சட்டென்று திரையை மாற்றினாள்.

“இன்னும் இல்லைப்பா. ஒரு சந்தேகம்.”

“உங்களுக்குச் சந்தேகம் வராத நாள் எது? இட்ட பேரு சும்மாவா? புள்ளி வெச்சாத்தான் உங்களுக்குத் தூக்கமே வரும்.”

“இந்தத் தொண்ணூறு கட்டையும் ஏழாம் நம்பர் நிலம்னு எழுதியிருக்கே.”

“ஆமா.”

“அது ரெண்டு ஏக்கர். போன வருஷமே மொட்டையா வெட்டியாச்சு. நான்தான் சரிபார்த்தேன். ஒரே வருஷத்துல மறுபடியும் தொண்ணூறு மரமா? அப்படி என்னப்பா உரம் போட்டீங்க?”

அவன் சிரித்தான். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

“அப்பா சொன்ன நம்பரை நான் எழுதினேன் அண்ணி. எனக்கென்ன தெரியும்? அஞ்சு மணிக்கு லாரி கிளம்பணும். நீங்க விரலை வெச்சுட்டா எல்லாருக்கும் நிம்மதி.”

கையெழுத்து என்பது பேச்சுக்குத்தான். மேசையில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி இருக்கிறது. அதன்மேல் அவள் கட்டைவிரலை வைத்தால் போதும். வேறு யார் விரலுக்கும் அது மசியாது.

“சாப்பிட்டுட்டு வந்து பார்க்கிறேன்” என்றாள்.

அவன் போனதும் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். எதற்குத் தாழ்ப்பாள் போடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பச்சை விளக்கின்மேல் சுட்டியை வைத்து அழுத்தினாள்.

முதலில் தேதி வந்தது. அவன் செத்த தேதி.

அதாவது இது இன்றைய நடை இல்லை. அன்றைக்கு நடந்தது. காட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. அங்கே போகும்போது பேட்டரி தீராமல் இருக்க அவன் நெட்டை அணைத்துவிடுவான். வீட்டுக்கு வந்து, வீட்டு வைஃபை கிடைத்ததும் புள்ளிகள் தானாக ஆபீசுக்கு வந்து சேரும். இந்த நடை மட்டும் வீடு வந்து சேர இரண்டு வருடம் ஆகியிருக்கிறது. ‘அனுப்பிய இணைப்பு’ என்ற இடத்தில் அவர்கள் வீட்டு வைஃபையின் பெயர்தான் இருந்தது. நேரம், இன்று காலை பதினொன்றே கால்.

போன் வீட்டில் இருக்கிறது. முகம் தெரியாத திருடன் எவனும் இல்லை.

வேலை பழகிய கண் அடுத்த வரிக்குப் போனது. நடக்கத் தொடங்கும் முன் நிரப்ப வேண்டிய கட்டங்களை அவன் ஒழுங்காக நிரப்பியிருந்தான். அந்த விஷயத்தில் அவன் எப்போதும் ஒழுங்கு.

நிலத்தின் வகை: காடு.

வெட்டிய ஆண்டு: இந்த ஆண்டு.

நிலத்துக்காரர்: அப்பா.

அவள் அந்தக் கடைசி வார்த்தையைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எத்தனை முறை படித்தாலும் அது அப்பாவாகத்தான் இருந்தது.

பிறகு படத்தைத் திறந்தாள். புள்ளிகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். காலை ஒன்பது நாற்பதுக்கு மலையின் மேல்பக்கம் நடை தொடங்குகிறது. நெருக்கமான புள்ளிகள், சீரான இடைவெளி. அவன் நடையேதான். பள்ளம் வந்தால் கொஞ்சம் நின்று, பிறகு இரண்டு எட்டு வேகமாக வைப்பான். அந்த இடங்களில் புள்ளி லேசாக விலகியிருந்தது. யாரோ முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பது போல் இருந்தது அவளுக்கு. திரும்பிப் பார்த்தாள். தாழ்ப்பாள் போட்ட கதவும் பழைய கோப்பு அலமாரியும்தான் இருந்தன.

பத்து ஐம்பத்திரண்டுக்கு நடை நின்றுவிட்டது.

ஒரே இடத்தில் புள்ளிமேல் புள்ளி. வைத்த இடத்தில் கிடக்கிற போனும் புள்ளியைக் கொஞ்சம் சிதறவிடும், அது அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சிதறல் நாலு பக்கமும் போகும். இங்கே எல்லாப் புள்ளியும் ஒரே பக்கமாக நகர்ந்தன. வண்டிப்பாதை இருக்கிற பக்கம். பத்து நொடிக்கு நாலு விரற்கடை, ஐந்து விரற்கடை. சில சமயம் அதுவும் இல்லை. அளந்து பார்த்தாள். நாற்பது நிமிடத்தில் பதினோரு மீட்டர்.

இப்படி ஒரு நடையை இத்தனை வருடத்தில் அவள் பார்த்ததே இல்லை. இப்படி நடக்க முடியாது. இழுத்துக்கொண்டுதான் போக முடியும்.

அதற்குமேல் அவளால் உட்கார முடியவில்லை. எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய்விட்டு அழலாம் என்றால் வெளியே முற்றத்தில் ஆட்கள். முந்நூறு நாள் அழுது தீர்த்துவிட்டோம் என்று நினைத்திருந்தாள். அதெல்லாம் வேறு எவனோ ஒருவனுக்காக, பைக்கிலிருந்து விழுந்து ஒரு நொடியில் போய்விட்ட ஒருவனுக்காக அழுத அழுகை. இந்த மனுஷனுக்காக அவள் இன்னும் அழவே ஆரம்பிக்கவில்லை.

மறுபடி உட்கார்ந்தாள். பதினொன்று முப்பத்திரண்டிலிருந்து புள்ளிகள் அசையவில்லை. ஒன்றே கால் மணிக்குத் திடீரென்று கிளம்பின. இப்போது தள்ளித் தள்ளி. வண்டி. மலையிலிருந்து இறங்கி, சாலையில் ஏறி, அந்த வளைவுக்கு வந்தது. அவர்கள் சொன்ன அதே வளைவு. அங்கே ஆறு நிமிடம் நின்றது. அதோடு போன் அணைந்திருந்தது.

பைக்கில் வந்து சறுக்கி விழுந்தவன் அங்கே விழவே இல்லை. கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். ஒரு லோடு கட்டையை ஓரிடத்தில் ஏற்றி, இன்னொரு நிலத்தின் பேரை எழுதி இறக்குவது போல.

இன்னொன்றும் அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மலையிலிருந்து இறங்கிய மரமெல்லாம் எங்கே போனது? வேறெங்கே, இந்த மேசை வழியாகத்தான். மூன்றாம் நம்பர் நிலம், ஏழாம் நம்பர் நிலம் என்று மாமனார் சொன்ன பேரையெல்லாம் நம்பி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதாகப் பேர் வாங்கியவள், அவன் விழுந்து கிடந்த இடத்து மரத்துக்குத் தன் விரலாலேயே பிறப்புச் சான்று கொடுத்திருக்கிறாள். இரண்டு வருடமாக.

வீட்டுக்குள் போனபோது மாமியார் கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் மடியிலிருந்த எதையோ துண்டுக்கு அடியில் தள்ளினாள். சார்ஜர் ஒயர் மட்டும் துண்டுக்கு வெளியே வால் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

“அத்தை.”

“திட்டாதேம்மா.”

“நான் எதுக்குத் திட்டப்போறேன்? எங்க கிடைச்சுது?”

“உங்க மாமாவோட கம்பளியைத் தேடினேன். பீரோ அடித்தட்டுல, ஒரு பழைய சட்டைக்குள்ள சுத்தி வெச்சிருந்துச்சு.” மாமியார் துண்டை விலக்கினாள். “போலீஸ்காரங்க அப்பவே திருப்பிக் கொடுத்திருப்பாங்கபோல. நம்ம ரெண்டு பேரும் பார்த்தா தாங்க மாட்டோம்னு மனுஷன் ஒளிச்சு வெச்சிருக்கார். கேட்டா அவருக்கும் கஷ்டம்தானே? அதான் கேக்கலை. ரெண்டு நாளா சும்மா கையில வெச்சுக்கிட்டிருந்தேன். காலையில மனசு கேக்கலை, சார்ஜ் போட்டேன்.”

அவன் போனுக்குப் பூட்டே போடமாட்டான். திரையில் அம்மாவும் அவனும் சேர்ந்து நிற்கிற படம். கண்ணாடியில் ஒரு கீறல்.

“இதுல அவன் குரல் எங்கேயாவது இருக்குமா? எனக்குத் தேடத் தெரியலை. நீ பார்த்துச் சொல்லேன்.”

மருமகள் போனை வாங்கவில்லை. வாங்கினால் உடைந்துவிடுவோம் என்று பயந்தாள். தாய்க்குத் தன் பிள்ளையின் குரல் வேண்டும். அந்தப் போனுக்குள் இருப்பதோ அவன் மண்ணில் இழுத்துக்கொண்டு போன பதினோரு மீட்டர். அதை எந்த வாயால் சொல்வது?

“பார்க்கலாம் அத்தை. அணைச்சிடாதீங்க. சார்ஜ்லயே இருக்கட்டும்.”

“என்னம்மா, கை இப்படிச் சில்லுன்னு கிடக்கு? உடம்புக்கு முடியலையா?”

“வேலை இருக்கு அத்தை” என்று கையை விடுவித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

முற்றத்தில் லாரி வந்து நின்றிருந்தது. தொண்ணூறு கட்டைகளின் வெட்டுமுகத்திலும் வெள்ளை பெயிண்டில் நம்பர் எழுதியிருந்தது. ஏழு, ஏழு, ஏழு. பச்சை மரத்தின் வாசனை மூக்கில் ஏறியது. எத்தனையோ வருடம் பிடித்திருந்த வாசனை அது. இன்றைக்கு அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

ஆபீசில் மாமனார் அவளுடைய நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். கொழுந்தன் ஜன்னலோரம் நின்றிருந்தான். மணி நாலேகால்.

“என்னம்மா, துரத்தித் துரத்திக் கேக்க வேண்டியிருக்கு? வெளியில ஆள் காத்துக்கிட்டிருக்கு” என்றார் மாமனார். குரலில் கோபம் இல்லை. அவர் அவளிடம் கோபப்பட்டதே கிடையாது. மகன் போனபிறகு, நீ மருமகள் இல்லை, மகள் என்று நாலு பேர் முன்னால் சொன்ன மனிதர் அவர்.

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

அவருக்குப் புள்ளிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. மகனின் பெயரை மட்டும் படித்தார். கொழுந்தனுக்குத் தெரியும். அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“இது எப்படி...” என்றான்.

“நடந்தவர் அனுப்பினார்” என்றாள் அவள். “கொஞ்சம் லேட்டாயிடுச்சு.”

“அண்ணி, அதை அழிச்சிடுங்க.”

“எதைப்பா?” என்றார் மாமனார்.

அவள் சுட்டியால் காட்டினாள். வகுப்பில் பாடம் நடத்துவது போல நிதானமாகச் சொன்னாள். அந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

“இது மலை மேல. இங்கதான் நடக்க ஆரம்பிச்சார். இங்க நின்னுட்டார், பத்து அம்பத்திரண்டு. இங்கேயிருந்து இங்க வரைக்கும் பதினோரு மீட்டர், தவழ்ந்து வந்திருக்கார். ஒண்ணேகாலுக்கு வண்டி வந்திருக்கு. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன் மாமா. பத்து அம்பத்திரண்டுக்கும் ஒண்ணேகாலுக்கும் நடுவுல நீங்க எங்க இருந்தீங்க?”

வெளியே லாரிக்காரர் யாரையோ கூப்பிட்டுக் கத்தினார். மாமனார் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வருடம் மரம் தொட்ட கைகள், காய்ப்புக் காய்ப்பாக இருந்தன.

“ஆள் வந்து சொன்னான்மா” என்றார் கடைசியில். “அங்க அறுத்துக்கிட்டிருந்தாங்க. இவன் அந்தப் பக்கமா நடந்து வந்தது யாருக்கும் தெரியலை. மரம் சாஞ்சிடுச்சு. கால்ல அடி, ஆனா பேசிக்கிட்டுத்தான் இருக்கார்னான். பேசிக்கிட்டிருக்கார்னு சொன்னானேம்மா!”

“சரி. பேசிக்கிட்டிருந்தார். நீங்க என்ன செஞ்சீங்க?”

“ஒரே பாதை. மூணு லாரி லோடோட மேல நின்னுச்சு. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டா பின்னாலயே எல்லாரும் வந்துடுவாங்க. காட்டுல வெட்டினது தெரிஞ்சா மில்லுக்கே பூட்டு. லோடு கீழ இறங்கட்டும், உடனே தூக்கிடலாம்னு...” அவர் கைகளை மடியில் இறக்கினார். “ரெண்டு மணி நேரம்தானேன்னு நினைச்சேன்.”

அவளுக்கு அவர்மேல் பாய்ந்து சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அதே சமயம் அந்த மனிதரைப் பார்க்கவும் சகிக்கவில்லை. போனைத் தூக்கிப் போடாமல் சட்டைக்குள் சுற்றிவைத்திருந்தவர் அவர். தூக்கிப் போட்டிருந்தால் இந்த நாள் வந்திருக்காது.

“அவரோட பைக்?”

“வண்டியில ஏத்திக்கிட்டு வந்தோம்” என்றான் கொழுந்தன், யாரையும் பார்க்காமல்.

“நீயா ஓட்டினே?”

அவன் தலையை ஆட்டினான்.

இரண்டு வருடமாகத் தன்னைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தது இந்த வாய்தான் என்பது அவளுக்கு இப்போது தாங்கமுடியாததாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தொண்ணூறு கட்டைகளின் படிவத்தைத் திறந்தாள். ‘ஏழாம் நம்பர் நிலம்’ என்பதை அழித்தாள். அந்த இடத்தில் இன்று வந்த நிலத்தை இணைத்தாள். “இதுவும் அதே மலை மரம்தானே, பக்கத்து வெட்டு?” என்றாள். கொழுந்தன் மறுக்கவில்லை.

“அம்மாடி, யோசிச்சுச் செய்” என்றார் மாமனார். எழுந்து நின்றுவிட்டார். “இது வாங்கறவங்க கைக்குப் போச்சுன்னா எல்லாம் வெளியில வந்துடும். இந்த மில்லு, இந்த வீடு, நாப்பது பேரோட பொழைப்பு. உங்க அத்தை... அவளுக்குத் தெரிஞ்சா என்ன ஆவா? அவன் திரும்பியா வரப்போறான்?”

“வந்துட்டார் மாமா. அதான் பிரச்சினை.”

கம்ப்யூட்டர் ஒரு கட்டத்தைக் காட்டி நின்றது. ‘எல்லை முழுமையாகவில்லை. காரணத்தைக் குறிப்பிடவும்.’ வழக்கமாக அவள் அங்கே மழை என்றோ பேட்டரி தீர்ந்தது என்றோ எழுதுவாள். இப்போது ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

‘நடந்தவர் இறந்துவிட்டார்.’

“நான் கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லலையே.”

மூவரும் திரும்பினார்கள். மாமியார் வாசலில் நின்றிருந்தாள். சார்ஜர் ஒயரோடு போனைக் கையில் பிடித்திருந்தாள். மருமகளுக்கு உடம்புக்கு ஆகவில்லையோ என்று பார்க்க வந்தவள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாருக்கும் தெரியாது.

“நீ எதுவும் கேக்கலையே” என்றார் மாமனார்.

“மனசுக்குள்ள கேட்டுக்கிட்டே நின்னேன். ரெண்டு மணி நேரம் என் பிள்ளை யாரைக் கூப்பிட்டிருப்பான்னு.” அவள் கணவரைப் பார்க்கவில்லை. மருமகளை மட்டும் பார்த்தாள். “அனுப்பும்மா. என்னைக் காரணம் காட்டி யாரும் எதையும் நிறுத்த வேண்டாம்.”

மருமகள் கருவியை அருகில் இழுத்தாள். கட்டைவிரலைத் துடைத்தாள்.

“அண்ணி!”

கொழுந்தன் மேசைக்குப் பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தான்.

“ஒரு நிமிஷம். அனுப்பறதுக்கு முன்னாடி நான் சொல்றதைக் கேளுங்க. நான் போய்ச் சேர்ந்தப்ப அண்ணன் உயிரோட இருந்தான்.”

“என்னடா சொல்றே?” மாமனார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “நீ போறதுக்குள்ள முடிஞ்சுடுச்சுன்னுதானே என்கிட்ட சொன்னே?”

“சொன்னேன். உங்களுக்காகத்தான் அப்படிச் சொன்னேன்ப்பா.” அவன் அண்ணியின் கையை விடவில்லை. “நான் ஓட்டிக்கிட்டு வந்தப்ப பக்கத்து சீட்டுல படுத்து, என் மடியில தலையை வெச்சுக்கிட்டு நல்லாவே பேசினான். உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னான் அண்ணி. ரெண்டு வருஷமா நெஞ்சுக்குள்ளயே வெச்சிருக்கேன். அதைக் கேட்டீங்கன்னா நீங்க இதை அனுப்ப மாட்டீங்க. சத்தியமா அனுப்ப மாட்டீங்க.”

அவன் பொய் சொல்லவில்லை. அவள் அவன் கண்ணைப் பார்த்தாள். எதையாவது சொல்லித் தப்பிக்கிறவனின் கண் இல்லை அது.

கணவனின் கடைசி வார்த்தை ஒரு கை தூரத்தில் இருந்தது. அதற்காக அவள் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள். காலையில்கூடக் கொடுத்திருப்பாள். இப்போதும் அவள் உடம்பு முழுக்க அதைக் கேட்கத்தான் துடித்தது. கேட்டால் விரல் நகராது என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இடது கையால் கொழுந்தனின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். கட்டைவிரலைக் கருவியின்மேல் வைத்து அழுத்தினாள். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றியது, நின்றது. ‘அனுப்பப்பட்டது’ என்று வந்தது.

மாமனார் மெல்ல உட்கார்ந்தார். மாமியார் மகனின் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

மருமகள் திரையை அணைத்துவிட்டு, கொழுந்தன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“இப்ப சொல்லு” என்றாள்.